பழைய காரில் ஒயர் தோல் உரிந்தால்: டேப்பா, ஸ்லீவா, புது ஒயரா?

திண்டுக்கல் தாண்டி வரும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால் புகை எதுவும் இல்லை. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகிற ஒயர் கட்டில் ஒன்றை விரலால் லேசாக வளைத்தேன். மேல் தோல் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. பக்கத்து ஒயரை வளைத்தேன், அதுவும் அப்படியே.

வீட்டில் இருப்பது 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது. விற்கிற எண்ணம் இல்லை. 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இத்தனை வயதான வண்டியில் ஒயர் தோல் காய்வது இயல்புதான். அதை எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் டேப் சுற்றினால் போதும் என்றார். இன்னொருவர், “கெட்டதை எல்லாம் வெட்டிட்டு துண்டு ஒயர் ஜாயின்ட் அடிச்சிடலாம் சார்” என்றார். மூன்றாமவர் வண்டியின் மொத்த ஒயர் தொகுப்பான ஒயரிங் கிட்டையே மாற்றச் சொன்னார். பழைய மாருதி 800, ஜென், அம்பாசடர் என்று எது வைத்திருந்தாலும் இந்த மூன்று குரல்களையும் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பு நன்றாக இருக்கிற ஒயரை வெட்டக் கூடாது. தோல் போனால் தோலை மட்டும் மாற்ற வேண்டும். செம்பும் போயிருந்தால் துண்டு போடாமல் ஒயரையே மாற்ற வேண்டும். டேப், ஸ்லீவ் (ஒயர்மேல் மாட்டும் குழாய் உறை), கிட் என்ற மற்ற எல்லாத் தேர்வும் இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

தோல் ஏன் காய்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. பைப்பும் ஒயரின் மேல் தோலும் அடிப்படையில் ஒரே பொருள். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. ஒயருக்காக அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். வெப்பத்தில் அந்தத் திரவம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. கடைசியில் ஒயரின் தோல் மறுபடி பைப் மாதிரி விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது. இதில் செம்புக்கு எந்தச் சேதமும் இல்லை. தோல் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீரும் பாட்டரி ஆவியும் உள்ளே போக ஆரம்பித்த பிறகுதான் செம்பு கெடும். நடுவில் நமக்குக் கொஞ்ச காலம் கிடைக்கிறது. அதற்குள் பிடித்துவிட்டால் வேலையும் செலவும் பாதியாகும்.

சரி, செம்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே ஷார்ட் ஆகும். தோல் உதிர்ந்த இடத்தில் செம்பு இழைகளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புதுப் பாத்திரம் மாதிரி மின்னினால் நல்லது. லேசாகப் பழுப்பேறியிருந்தாலும் பரவாயில்லை. முழுக்கக் கறுத்திருந்தால் சந்தேகம். பச்சை பிடித்திருந்தால், அந்தப் பச்சை தோலுக்கு உள்ளேயும் ஓடியிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற நீளத்தைவிட அது எப்போதும் அதிகம். கப்ளருக்கு, அதாவது ஒயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்புக்கு, பக்கத்தில் ஒயரை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தும் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டால் உள்ளே இழைகள் அறுந்து வெறும் தோல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. நடுவழியில் நின்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். டாஷ்போர்டில் ஒரு சுருள் எப்போதும் இருக்கட்டும். ஆனால் அது நிரந்தரமான பரிகாரம் ஆகாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண டேப் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கே ஆனது. 3எம் சூப்பர் 33+ மாதிரி நல்ல டேப் 105 டிகிரி தாங்கும். நம் ஊர் வெயிலில், டிராஃபிக்கில் நின்றபடி என்ஜின் ஓடினால் எக்ஸாஸ்ட் பக்கம் சாதாரண டேப்பின் பசை உருகி வழிகிறது. ஓரம் பிரிந்து, அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் கட்டு முழுவதும் கறுப்பு அல்வா மாதிரி ஆகிவிடும். பிறகு ஸ்லீவ் போட நினைத்தால் இந்தப் பசையைத் துடைக்கவே அரைநாள் போகும். இன்னொரு கெடுதலும் உண்டு. டேப் சுற்றிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, காற்றும் போகாது. வெறுமனே விட்டிருந்தால் காய்ந்திருக்கும் செம்பு டேப்புக்குள் பச்சை பிடிக்கும்.

துணி டேப்பை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கார் கம்பெனிகள் ஒயர் கட்டுகளைச் சுற்றப் பயன்படுத்தும் பாலியஸ்டர் துணி டேப் உண்டு. டெசா 51036 அந்த வகை, 150 டிகிரி வரை தாங்கும். கட்டைக் கட்டாக வைக்கவும் உராய்விலிருந்து காக்கவும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அது இன்சுலேஷன் அல்ல. வெறும் செம்பின் மேல் சுற்றிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

அடுத்தது பசையே இல்லாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப். இழுத்து, இரண்டு மூன்று மடங்கு நீட்டி, பாதி மேல் பாதி விழும்படி சுற்றினால் சற்று நேரத்தில் ஒரே ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடும். 200 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். இதன் பெரிய வசதி, ஒயரைக் கழற்றவே வேண்டாம், வெட்டவும் வேண்டாம். இரண்டு பக்கமும் எட்டாத இடத்தில், நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போயிருந்தால் இதுதான் கைகொடுக்கும். குறைகளும் உண்டு. சிறிய கீறல் விழுந்தால் அந்த வழியே சட்டென்று கிழியும், அதனால் மேலே துணி டேப் ஒரு சுற்று தேவை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. பெட்ரோல் பட்டால் சிலிகான் ஊதிப்போகும் என்பதால், கார்புரேட்டருக்கும் பெட்ரோல் டியூபுக்கும் பக்கத்தில் நான் போடமாட்டேன். தனித்தனி ஒயராகச் சுற்ற வேண்டியிருப்பதால் எட்டு ஒயர் உள்ள கட்டு இரண்டு மடங்கு பருமனாகி, கிளிப்புக்குள் உட்காராது. ஒன்றிரண்டு ஒயருக்குத்தான் இது நல்ல தேர்வு.

பிரஷ்ஷால் பூசுகிற திரவ ரப்பரும் விற்கிறார்கள். கப்ளரின் வாயில் அரை அங்குலம் தோல் போயிருந்தால் பூசலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடுகாட்டினால் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் குழாய். பாலியோலெஃபின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஸ்லீவ் 125 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். அதாவது வண்டியோடு வந்த பழைய பி.வி.சி. தோலைவிட உயர்ந்த தோலை ஒயருக்குப் போடுகிறோம். செம்பில் கை வைக்கவே இல்லை. புது ஜாயின்ட் ஒன்றுகூட உண்டாகவில்லை. இவ்வளவு நல்ல வழியை ஒர்க்‌ஷாப்பில் ஏன் செய்வதில்லை என்றால், ஸ்லீவை ஒயரின் முனையிலிருந்துதான் கோக்க முடியும், முனையில் கப்ளர் இருக்கிறது. கப்ளரிலிருந்து பின்னை (ஒயர் முனையில் பிடித்திருக்கும் உலோக முனை) வெளியே எடுக்கப் பொறுமை வேண்டும். அதற்குப் பதில் ஒரு வெட்டு, ஒரு முறுக்கு, ஒரு டேப் என்றால் ஐந்து நிமிடம்.

பின் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை, நிதானமான வேலை. கப்ளருக்குள் ஒவ்வொரு பின்னையும் ஒரு சின்ன நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். சில வகையில் அந்த நாக்கு பின்னிலேயே இருக்கும், சில வகையில் பிளாஸ்டிக்கில் இருக்கும். முன்பக்கத்திலிருந்து வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரையோ அரத்தால் ராவிய குடைக்கம்பியையோ விட்டு நாக்கை அமுக்கிக்கொண்டே, பின்பக்கம் ஒயரை மெதுவாக இழுத்தால் பின் வந்துவிடும். வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கப்ளரில் இரண்டாவது லாக் ஒன்று இருக்கக்கூடும், முதலில் அதை நெம்ப வேண்டும். இன்னொரு தந்திரம்: ஒயரை முதலில் உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டு நாக்கை அமுக்குங்கள். இறுக்கம் தளர்ந்து சுலபமாகக் கழலும். கழற்றுவதற்கு முன் கப்ளரை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ஓட்டையில் எந்த நிற ஒயர், எந்த நிறக் கோடு என்று தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஒயரில் நிறம் மங்கி, மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். போட்டோவை மட்டும் நம்பி நான் ஒரு மாலையை வீணாக்கினேன். ஒரே நேரத்தில் ஒரு பின்தான், அதை முடித்து உள்ளே தள்ளி ‘டிக்’ சத்தம் கேட்ட பிறகு அடுத்தது என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

ஸ்லீவ் வாங்கும்போது பலரும் தவறுவது அளவில். ஒரு ஸ்கொயர் எம்.எம். (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) ஒயரின் வெளிவிட்டம் சுமார் 2 மில்லிமீட்டர், அதன் பின் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். பின்னைத் தாண்ட 6 மில்லிமீட்டர் ஸ்லீவ் தேவை. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது பாதியாகச் சுருங்கும் வகை. அது 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும், ஒயரில் தொளதொளவென்று ஆடும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் வகையைக் கேட்டு வாங்கினால் 2 மில்லிமீட்டருக்கு வந்து கச்சிதமாகப் பிடிக்கும். உள்ளே பசை பூசிய ஸ்லீவும் உண்டு. ஜாயின்ட்டின் மேல் போட அதுதான் சரி, தண்ணீர் புகாது. ஆனால் ஒரு முழ நீளத்துக்குப் பசை ஸ்லீவ் போட்டால் ஒயர் குச்சி மாதிரி விறைத்துவிடும். நீளத்துக்குப் பசையில்லாத மெல்லிய வகை போதும். சுருங்கும்போது நீளமும் கொஞ்சம் குறையும், அதனால் இரண்டு பக்கமும் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். சூடுகாட்ட ஹாட் ஏர் கன் நல்லது. லைட்டர் கரியேற்றும், பக்கத்து ஒயரையும் சுடும்.

உதிர்கிற பழைய தோலை எடுத்துவிட்டுப் போடுவதா, அதன் மேலேயே போடுவதா? தானாக உதிர்வதை மட்டும் எடுங்கள். வெடித்திருந்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். சுரண்டினால் செம்பு இழைகள் இரண்டு மூன்று அறுபடும். ஸ்லீவ் அந்தப் பழைய தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எக்ஸாஸ்ட்டுக்கு மிக அருகில் போகிற ஒயருக்கு ஸ்லீவும் போதாது. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் கிடைக்கிறது. மோட்டார் கட்டுபவர்கள் எஃப் கிளாஸ் என்பது 155 டிகிரி, எச் கிளாஸ் என்பது 180 டிகிரி. ஷ்ரிங்க் ஸ்லீவுக்கு மேல் இதை ஒரு சட்டை மாதிரி மாட்டிவிட்டு, கிளிப் போட்டு ஒயரை இரண்டு விரல்கடை தள்ளி நிறுத்தினால் நல்லது. உண்மையில் அந்த இரண்டு விரல்கடை இடைவெளிதான் எந்த ஸ்லீவையும்விட அதிகம் காப்பாற்றும். பல வண்டிகளில் தொழிற்சாலையில் போட்ட கிளிப் எப்போதோ உடைந்து விழுந்து, ஒயர் தொங்கி எக்ஸாஸ்ட்டில் சாய்ந்திருக்கும். என் வண்டியிலும் கருகல் வாடைக்குக் காரணம் அதுதான்.

இப்போது வெட்டி ஒட்டுகிற வழிக்கு வருகிறேன். நான் இதை ஏன் எதிர்க்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் நாளடைவில் கறுத்து 0.1 ஓம் தடை காட்டுகிறது என்று வையுங்கள். அரை வோல்ட் அங்கேயே போய்விடும், பல்பு மங்கும். அதைவிட முக்கியம், இரண்டரை வாட் வெப்பம் ஒரு கடலைப் பருப்பளவு இடத்தில், டேப்புக்குள் மூடிய நிலையில் உண்டாகிறது. வெப்பம் ஜாயின்ட்டை இன்னும் கறுக்க வைக்கும், தடை கூடும், வெப்பமும் கூடும். பழைய வண்டிகளில் உருகிய ஒயரைத் தேடிப் போனால் அதன் நடுவில் பெரும்பாலும் இப்படி யாரோ போட்ட ஒரு முறுக்கு ஜாயின்ட் இருக்கும்.

இருந்தும் சில நேரம் வெட்டித்தான் ஆக வேண்டும். எலி கடித்து ஒயரே அறுந்துபோனால் வேறென்ன செய்வது? அப்போது கிரிம்ப்பா (உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கி இணைப்பது), சால்டரா (ஈயத்தை உருக்கி ஒட்டுவது) என்ற பழைய வாக்குவாதம் வரும். நான் கிரிம்ப் பக்கம். சால்டர் நன்றாகக் கடத்தும், ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த எல்லையில் ஒயர் விறைப்பிலிருந்து சட்டென்று நெகிழ்வுக்கு மாறுகிறது. என்ஜின் அதிர்வில் ஒயர் ஒடிவது அங்கேதான். கார் தொழிற்சாலையில் ஒயரின் முனைகளில் பின் பிடிப்பது கிரிம்ப் மூலம்தான். ஆனால் கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. முழுதாக அழுத்தும்வரை விடாத ராட்செட் பிளையர் வேண்டும். அது இல்லாதவர் நன்றாக சால்டர் செய்து, பசை ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் ஒயர் ஆடாமல் கட்டிவைப்பது மோசமான கிரிம்ப்பைவிட மேல். அடுத்தடுத்த ஒயர்களில் ஜாயின்ட் போட்டால் ஒரே இடத்தில் வராதபடி இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

செம்பு கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால், ஜாயின்ட் போடுவதைவிடக் கப்ளரிலிருந்து கப்ளர்வரை முழு ஒயரையே மாற்றுவதுதான் என் தேர்வு. கறுத்த செம்பில் கிரிம்ப்பும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. எவ்வளவு தூரம் வெட்டினாலும் நல்ல செம்பு வருமா என்று தெரியாது. புது ஒயர் வாங்கும்போது ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்குக்கான சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்கே ஆனது, பானெட்டுக்குள் அது வேண்டாம். கார் ஒயர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6722 தரத்தில் ஏ பிரிவு 85 டிகிரி, பி 100, சி 125. சி பிரிவு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பருமன் பழைய ஒயரின் ஸ்கொயர் எம்.எம். அளவாகவோ அதற்கு அடுத்த அளவாகவோ இருக்கட்டும். நிறமும் அதே நிறமாக இருந்தால் பத்து வருடம் கழித்து இந்த வண்டியைத் திறக்கப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கிட் முழுவதையும் மாற்றுவது எப்போது? வெப்பமே படாத இடத்திலும் தோல் உதிர்ந்தால். 1990களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் சிலவற்றில் என்ஜின் ஒயரிங்கின் தோல், மட்கக்கூடிய பொருளால் ஆனதால், கப்ளர் முதல் கப்ளர் வரை தூளாக உதிரும். பென்ஸின் டபிள்யூ 124 மாடல் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அங்கே ஸ்லீவும் டேப்பும் பேசிப் பயனில்லை, புது ஹார்னஸ், அதாவது புது ஒயரிங் கிட்தான் வழி. ஆனால் சாதாரண பி.வி.சி. ஒயரிங்கில் கெடுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் (பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பக்கத்து ஒன்றிரண்டு முழம்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால் அதே ஒயர் இன்னும் மென்மையாக வளையும். அதைப் பிடுங்கி எறிவது வீண். கூடவே இன்னொரு எச்சரிக்கை. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து எடுத்த கிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அதுவும் நம் வண்டியின் வயதுதான், அதே வெயிலில் அதே சூட்டில் காய்ந்ததுதான். அதிலிருந்து கப்ளர்களையும் பின்களையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒயர் என்ன வேலை செய்கிறது என்பதும் முடிவை மாற்றும். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் எச்.டி. ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, அதற்கு எந்த டேப்பும் உதவாது, செட்டாக மாற்றிவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியாக இருந்தால் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒயரை விட்டுவிடுங்கள். பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. சால்டர் ஊறினாலோ பசை ஸ்லீவ் அடைத்தாலோ ரீடிங் கெடும். தோல் போயிருந்தால் சென்சாரையே மாற்றுவது உத்தமம்.

எலிக்காகவும் ஒரு வார்த்தை. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் எவ்வளவு நல்ல ஸ்லீவ் போட்டாலும் எலி கடிக்கும். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருள் ஏற்றிய டேப்பையே இதற்காக விற்கிறது. நான் வாரம் இரண்டு முறை வண்டியை எடுப்பதோடு சரி, அதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

என் வண்டியில் கடைசியில் செய்தது இதுதான். எக்ஸாஸ்ட் பக்கத்துக் கட்டில் ஏழு ஒயர்கள். ஐந்தில் செம்பு மின்னியது, பின்னைக் கழற்றி ஸ்லீவ் போட்டேன். ஒன்றில் பச்சை இருந்தது, ஹெட்லைட் எர்த், அதை முழுதாக மாற்றினேன். இன்னொன்று ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையின் ரப்பர் வளையமான குரோமெட்டுக்குள் நுழைகிற இடத்தில் கை எட்டவில்லை, அங்கே சிலிகான் டேப்பும் மேலே துணி டேப்பும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முடித்ததும் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை பல்பு கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்தேன். பழைய ஒயரில் 0.6 வோல்ட் காட்டியது இப்போது 0.08.

ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் இன்னும் பாக்கி. சாவியை எடுத்த பிறகும் அதில் கரன்ட் இருக்கும். உரசி பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது. தோல் வெடிக்கவில்லை, ஆனால் லக்கின் (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வாயில் செம்பு கறுத்திருக்கிறது. அதனால் ஸ்லீவ் வேண்டாம், முழு ஒயர்தான். அந்தத் தடிமனுக்கு என் கிரிம்ப் பிளையர் பத்தாது. ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பாட்டரி கடையில் இரண்டு பக்கமும் லக் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நெகட்டிவ்வைக் கழற்றி வைக்கிறேன்.